வெளிவாயில்

நூலுக்கும் வாசகருக்கும் இடையே நின்று இருவரையும் சேர்த்துவைப்பது நூற்பட்டியல். அப்பட்டியல் பதிவேட்டிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கணினிக்கும் இடம்பெயர்ந்து வந்துள்ளது. கணினியில் அதனைக் காப்பதற்கு எத்தகைய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? தமிழ் நூல்களோடு பல்லாண்டு பழகிய நூலகர் ஒருவரின் சிந்தனை இக்கட்டுரை.

பட்டியல் என்னும் திறவுகோல்

நூலகத்திற்குள் நுழையும் ஒருவர் முதலில் காண்பது வரிசை வரிசையாக நிற்கும் நூலடுக்குகளை. எந்த நூல் எங்கே இருக்கிறது, அதனை எழுதியவர் யார், அது எப்பொருளைப் பற்றியது, எப்போது எங்கே அச்சானது என்னும் செய்திகளையெல்லாம் தாங்கி நிற்கும் நூற்பட்டியலை அவர் உடனே காண்பதில்லை. ஆயினும், அந்நூலகத்தின் பயன் முழுவதும் அப்பட்டியலைச் சார்ந்தே இருக்கிறது. ஓர் அறையளவு நூல்களைப் பட்டியலின்றியும் தேடிவிடலாம். இலட்சம் நூல்கள் நிறைந்த கட்டடத்தில், பட்டியலில் பிழையாகப் பதிவான நூல் தொலைந்துபோன நூலே ஆகும். அது தன் இடத்தில் தூசி படிந்து காத்திருக்கும். அதனைக் கேட்டு வந்தவரோ ‘இல்லை’ என்னும் விடையைப் பெற்றுத் திரும்பிச் செல்வார்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் பட்டியல் என்பது மர இழுப்பறைகளில் அடுக்கப்பட்ட அட்டைகளே. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று எனப் பல அட்டைகள் எழுதப்படும். அட்டையின் அடிப்பகுதியில் துளையிட்டு, அதனூடே ஒரு கம்பியைச் செலுத்தி, அட்டைகள் இடம் மாறாதவாறு காப்பார்கள். ஓர் அட்டையை எழுதிய நூலகர் ஓய்வுபெற்று ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும், அவருடைய கையெழுத்தைப் புதிதாய் வந்த மாணவர் படித்துவிடலாம். அதற்கு மின்சாரமும் கடவுச்சொல்லும் தேவையில்லை. அட்டையின் இவ்வெளிமையை அன்று நாங்கள் பெரிதாகக் கருதவில்லை. கணினி வந்த பிறகே அதன் அருமை புலப்பட்டது.

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931இல் நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பதில் தொடங்கும் அவ்விதிகள், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்றும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்றும் கூறி நிறைவடைகின்றன. கணினி அறிமுகமாகாத காலத்தில் வகுக்கப்பட்ட விதிகள் இவை. எனினும், மென்பொருள் தேர்வு குறித்து யார் என்னிடம் கேட்டாலும் அந்த ஐந்தாம் விதியையே முதலில் நினைவுகூர்வேன். வளரும் உயிருக்கு இன்று அளவெடுத்துத் தைத்த ஆடை நாளை சிறுத்துவிடும். ஆதலால், ஆடையை மாற்றும் நாள் வரும் என்பதை அறிந்தே அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவியைவிட நீண்ட ஆயுள்

நூற்பட்டியலைக் கணினிக்குக் கொண்டுவந்த வரலாற்றில் நினைக்கத்தக்க ஒரு பெயர் என்றியட் அவ்ராம். நூலகப் பயிற்சி பெறாத இவர் ஒரு கணினி நிரலாளர். 1965இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் சேர்ந்த அவர், பட்டியல் அட்டையில் உள்ள செய்திகளைக் கணினி படித்துணரும் வகையில் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண்ணைத் தரும் முறையை உருவாக்கத் தலைமையேற்றார். அதுவே ‘மார்க்’ எனப்படும் பதிவு வடிவம். நூலாசிரியரின் பெயருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650 என எண்கள் அமைந்தன. மூல எழுத்துவடிவில் தலைப்பையும் பெயரையும் தருவதற்கு 880 என்னும் கூறும் உண்டு. அயல்நாட்டு நூலகங்கள் பலவற்றில் தமிழ் நூல்களின் தலைப்புகள் உரோமன் எழுத்தில் பதிவாகும்போது, அவற்றின் தமிழ் வடிவம் இந்த 880ஆம் கூற்றில்தான் இடம்பெறுகிறது.

மார்க் வடிவம் தோன்றியபோது தரவுகள் காந்த நாடாக்களில் சேமிக்கப்பட்டன. அந்த நாடாக்களும் அவற்றைப் படித்த பொறிகளும் மறைந்துவிட்டன. அவற்றிற்குப் பின்வந்த நெகிழ்வட்டுகளும் குறுவட்டுகளும் வழக்கொழிந்தன. ஆனால், அன்று வகுக்கப்பட்ட பதிவு வடிவம் அரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் உலக நூலகங்களில் வழங்குகிறது. அதன் இலக்கணம் எந்த ஒரு நிறுவனத்தின் பூட்டிலும் இல்லை. எவரும் படித்தறியும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடிந்ததால்தான் அது தலைமுறைகளைக் கடந்து வந்தது.

யுனெசுகோ நிறுவனம் 1985இல் சிறு கணினிகளுக்கென வெளியிட்ட ‘ஐசிஸ்’ என்னும் மென்பொருளையும் இங்கே குறிப்பிடலாம். பொருள் வசதி குறைந்த நூலகங்களுக்கு அது கட்டணமின்றிக் கிடைத்தது; இந்திய நூலகர் பலருடைய கணினிப் பட்டியல் பணி அதிலேதான் தொடங்கியது. காலப்போக்கில் அதனைவிட்டுப் பலரும் வேறு மென்பொருள்களுக்கு மாறினர். பதிவுகளைப் பொதுத் தரத்தில் வெளியே எடுக்கும் வசதி அதில் இருந்தமையால், அவர்களால் தம் உழைப்பைக் கையோடு எடுத்துச் செல்ல முடிந்தது.

பூட்டிய அறையில் ஓர் உழைப்பு

எல்லா நூலகங்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. நான் உதவி நூலகராகப் பணியாற்றிய ஒரு நூலகத்திற்குத் தனியார் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் வந்துசேர்ந்தது. அதன் திரை அழகாக இருந்தது. தமிழ் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. மூன்று ஆண்டுகள் நாங்கள் மாறி மாறி அமர்ந்து நூல்களைப் பதிவு செய்தோம். பழைய அட்டைகளில் இல்லாத பொருள் தலைப்புகளையும், உரையாசிரியர், பதிப்பாசிரியர் பெயர்களையும், கட்டடம் சிதைந்த நூல்களைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்தோம்.

சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. நூலகத்தின் கணினிகள் பழுதாகிப் புதியவை வந்தபோது, அம்மென்பொருள் அவற்றில் இயங்கவில்லை. தரவுக் கோப்புகள் எங்கள் கையில் இருந்தன, அவற்றைப் பிரதியெடுக்க முடிந்தது, படிக்கத்தான் முடியவில்லை. கோப்பின் கட்டமைப்பு அந்நிறுவனத்திற்கு மட்டுமே தெரிந்தது. எழுத்துகளோ அது தனக்கென அமைத்துக்கொண்ட எழுத்துருவில் இருந்தன.

எங்கள் தலைமை நூலகர் முன்யோசனை மிக்கவர். “கணினிதான் வந்துவிட்டதே, இடத்தை அடைக்கும் இந்த அட்டைப் பெட்டிகள் எதற்கு, ஐயா?” என்று பலரும் கேட்டபோதெல்லாம் அவர் அவற்றை அகற்ற இசையவில்லை. அவ்வட்டைகளைக் கொண்டே பட்டியலை மீண்டும் முதலிலிருந்து பதிவு செய்தோம். அட்டைகளில் இருந்தவை மீண்டன. கணினியில் மட்டும் நாங்கள் சேர்த்திருந்த குறிப்புகள் மீளவில்லை. உரையாசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்லி நூல் கேட்டு வந்த ஆய்வு மாணவர்கள், நாங்கள் முன்பு ஒருமுறை எழுதிவைத்திருந்த விடையைப் பெறாமலே பல மாதங்கள் திரும்பிச் சென்றனர்.

அன்றுமுதல் எந்த மென்பொருளைக் கண்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: ‘இதிலிருந்து என் பதிவுகள் முழுமையாக எப்படி வெளியே வரும்?’ உள்ளே செல்லும் வாயிலை அழகுபடுத்திக் காட்டப் பலர் இருக்கிறார்கள். வெளிவாயிலை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

தமிழ்ப் பட்டியலுக்கு மென்பொருள் தேர்வோர் எழுத்துக் குறியாக்கத்தைத் தனியே ஆராய வேண்டும். தொடக்கத்தில் தமிழ் எழுத்துருக்களை அமைத்தோர், கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கென இருந்த எண்களின்மீது தமிழ் எழுத்தின் உருவங்களை ஏற்றினர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ஏற்றியமையால், ஓர் எழுத்துருவில் தமிழாகத் தெரிந்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியாக்கங்களும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது.

ஒருங்குறி வந்தபின் சிக்கல் பெரிதும் குறைந்தது, முற்றிலும் நீங்கிவிடவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என ஒருங்குறித் தரம் விதிக்கிறது. அவ்விதியைக் கடைப்பிடிக்காத மென்பொருளில் ‘கொங்கு’ என்று தேடினால் பாதி நூல்களே அகப்படும். ‘ஔவையார்’ என்னும் பெயரோ இதனினும் நுட்பமானது. ‘ஔ’ என்னும் உயிரெழுத்தை இடுவதற்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்னும் இரண்டு எழுத்துகளைத் தட்டிவிடுவோர் பலர். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை முற்றிலும் வேறான இரண்டு சொற்கள். இதனை எந்தத் தரமும் தானாகத் திருத்தாது. பட்டியலாளர்தாம் தேடிக் களைய வேண்டும்.

அகரவரிசையும் அவ்வாறே. நம் அகராதிகளில் மெய்யெழுத்துக்குப் பின்னரே உயிர்மெய் வரும். ‘கண்ணகி’ முன்னும் ‘கணிதம்’ பின்னும் நிற்கும். ஒருங்குறி எண்களின் வரிசைப்படி மட்டும் அடுக்கினால் ‘கணிதம்’ முந்திக்கொள்ளும். நெடுங்கணக்கில் ‘ல’கரத்தை அடுத்து வரும் ‘வ’கரம், அங்கே ‘ழ’கரத்திற்கும் பின்னே சென்றுவிடும். தமிழ் வரிசைக்கான விதிகளைக் கணினிக்குத் தனியே அளிக்க வழியுண்டு. நாம் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் அவ்விதிகளை ஏற்றுச் செயல்படுகிறதா என்பதைச் சோதித்து அறிய வேண்டும்.

பெயரும் ஆண்டும்

வேற்று நாட்டுப் பழக்கத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட மென்பொருள்கள், ஆசிரியரின் பெயரைக் குடும்பப் பெயர், இயற்பெயர் எனப் பிரித்துக் கேட்கும். தமிழர் பெயரில் முன்னெழுத்தாக நிற்பது பெரும்பாலும் தந்தையின் பெயர் அல்லது ஊரின் பெயர். சொ. விருத்தாசலம் என்பவரை ‘சொ’ என்னும் எழுத்தின்கீழ் வைத்தால் அவரை யாரும் காணமாட்டார். அவரே புதுமைப்பித்தன் என்பதையும் பட்டியல் அறிந்திருக்க வேண்டும். ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுபவருக்குக் கல்கியின் நூல்களும், கனகசுப்புரத்தினம் என்று தேடுபவருக்குப் பாரதிதாசனின் நூல்களும் கிடைக்க வேண்டும். இவ்வாறு ஒருவருடைய பல பெயர்களை ஒன்றோடொன்று இணைத்துவைக்கும் பதிவைப் ‘பெயர் ஆணைப்பதிவு’ என்பர். அதற்கு இடம் தராத மென்பொருள் எவ்வளவு விரைவாக இயங்கினாலும் நம் நூலகத்திற்கு உதவாது.

பழைய தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டு இல்லாமல், பிரபவ, விபவ என்னும் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெயர்கள் மீண்டும் வரும். ‘பிரபவ வருடம்’ என்றால் 1867ஆம் ஆண்டில் தொடங்கியதாகவும் இருக்கலாம். 1927இலோ 1987இலோ தொடங்கியதாகவும் இருக்கலாம். தாள், அச்செழுத்து, அச்சகத்தின் பெயர் ஆகியவற்றை வைத்து எது பொருந்தும் எனப் பட்டியலாளர் முடிவு செய்கிறார். அச்சில் உள்ளபடி ஆண்டின் பெயரையும், தாம் கணித்த ஆங்கில ஆண்டையும் இருவேறு கூறுகளில் அவர் எழுத வேண்டும். நான்கு இலக்கங்களை மட்டுமே ஏற்பேன் என்று அடம்பிடிக்கும் மென்பொருள், முதலாவதை அழித்துவிடும். பின்னால் வரும் ஆய்வாளர் அந்தக் கணிப்பைச் சரிபார்க்க வழியே இராது.

கடினமான நூல்களைக் கொண்டு ஒரு சோதனை

மென்பொருளை அறிமுகம் செய்ய வருபவர்கள், தாங்கள் முன்னரே பதிந்துவைத்த எளிய நூல்களைக் கொண்டே அதனை இயக்கிக் காட்டுவார்கள். எளிய நூல்களுக்கு எல்லா மென்பொருளும் பொருந்தும். ஆகவே, எங்கள் நூலடுக்குகளிலிருந்தே நூறு நூல்களைத் தேர்ந்து ஒரு சோதனைத் தொகுதியை அமைத்தேன். தமிழ் ஆண்டு மட்டும் உள்ள நூல், மூலமும் மூவர் உரையும் சேர்ந்த நூல், இரண்டு நூல்கள் ஒரே கட்டடத்தில் அமைந்த தொகுதி, இடையிலே பெயர் மாறிய இதழ், தலைப்புப் பக்கம் கிழிந்த நூல், புனைபெயரில் வந்த நூல், தமிழும் ஆங்கிலமும் கலந்த தலைப்பு, ஔவையார் பாடல்களின் பல பதிப்புகள் என அதில் எல்லா வகையும் இருந்தன.

அத்தொகுதியைக் கொண்டு மூன்று சோதனைகளைச் செய்வேன். பட்டியலாளர் அந்த நூறு நூல்களையும் குறையின்றிப் பதிய முடிகிறதா என்பது முதற்சோதனை. நூலகப் பணியைச் சாராத ஒருவர், ஒரு கல்லூரி மாணவரோ நாள்தோறும் நாளிதழ் படிக்க வரும் பெரியவரோ, தாம் அறிந்த சொற்களைக் கொண்டு அந்நூல்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது இரண்டாவது. பதிந்த நூறும் பொதுத் தரத்தில் வெளியே வந்து, வேறொரு மென்பொருளுக்குள் சென்று, ஒரு புள்ளியும் ஒரு கொம்பும் குறையாமல் நிற்கின்றனவா என்பது மூன்றாவது. முதல் இரண்டில் சிறு குறைகள் இருந்தால் காலப்போக்கில் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவதில் தோற்ற மென்பொருளை நான் ஏற்பதில்லை.

நூல் வழங்கும் மேசையில் அமர்ந்திருப்பவரையும் இச்சோதனையில் சேர்த்துக்கொள்வது நன்று. வாசகர்கள் நூல்களை எப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்பதை அவரே நன்கு அறிவார். ஆசிரியர் பெயரை மறந்து கதையின் நாயகியைச் சொல்லிக் கேட்பவர்களும், அட்டையின் நிறத்தைச் சொல்லிக் கேட்பவர்களும் அவரிடம்தான் வருகிறார்கள்.

கொடையாக வந்த ஒரு மென்பொருள்

நியூசிலாந்து நாட்டில் ஓரோவெனுவா என்னும் ஒரு சிறிய வட்டாரம் உள்ளது. 1999ஆம் ஆண்டில் அங்கிருந்த நூலக அமைப்புக்கு ஒரு நெருக்கடி நேர்ந்தது. அது பயன்படுத்திவந்த பழைய மென்பொருள், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் நாள்களைச் சரியாகக் கணக்கிட இயலாத நிலையில் இருந்தது. விலையுயர்ந்த புதிய மென்பொருளை வாங்குவதற்கு மாறாக, அந்நூலகம் கட்டிப்போ என்னும் உள்நாட்டு நிறுவனத்தைக் கொண்டு தனக்கென ஒன்றைப் புதிதாக எழுதச் செய்தது. 2000ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் அது செயல்படத் தொடங்கியது. பின்னர், எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் உரிமத்தோடு அம்மென்பொருளை உலகுக்கு அளித்தார்கள். மாவோரி மொழியில் கொடை எனப் பொருள்படும் ‘கோஹா’ என்பதே அதன் பெயர். இன்று அது பல நாடுகளில், தமிழகத்து நூலகங்கள் உட்பட, பயன்பாட்டில் உள்ளது. அதன் மூலநிரல் திறந்திருப்பதால், ஒரு நிறுவனம் விலகினாலும் மற்றொருவர் அதனைத் தொடர முடிகிறது. மார்க் வடிவில் பதிவுகளை ஏற்கவும் வெளியிடவும் அது வல்லது.

ஆயினும், கட்டற்றது என்பதனாலேயே அது எல்லார்க்கும் ஏற்றது எனக் கூறிவிட முடியாது. வழங்கியை நிறுவவும், நாள்தோறும் காப்புநகல் எடுக்கவும், புதிய பதிப்பு வரும்போது மாற்றியமைக்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை. விலையில்லாமல் கிடைத்த பசுவுக்கும் தீவனமும் பராமரிப்பும் வேண்டுமல்லவா? அத்தகைய ஒருவரை அமர்த்த இயலாத கல்லூரி நூலகம், காந்திநகரில் உள்ள இன்பிலிப்நெட் மையம் அளிக்கும் ‘சோல்’ மென்பொருளையோ, தேசியத் தகவலியல் மையம் அரசு நூலகங்களுக்கென உருவாக்கிய ‘இ-கிரந்தாலயா’வையோ நாடலாம். எதனைத் தேர்ந்தாலும் மூன்று சோதனைகளும் ஒன்றே.

தூய்மைப் பணி

பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்முன் பதிவுகளைச் செம்மைப்படுத்த வேண்டும். இப்பணிக்குப் பலரும் விரிதாளையே நாடுகிறார்கள். கணக்கிடுவதற்கென அமைந்த அக்கருவி, எண்போலத் தோன்றும் யாவற்றையும் எண்ணாகவே கருதும். ‘00452’ என்னும் சேர்க்கை எண்ணின் முன்னுள்ள சுழியங்கள் மறைந்துவிடும். பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட பன்னாட்டுத் தரநூல் எண் சுருங்கிவிடும். ‘3-5’ என்று தொகுதிகளைக் குறித்தால், அது ஏதோ ஒரு மாதத்தின் ஒரு நாளாக மாறி நிற்கும். அக்கட்டங்களை எழுத்தாக மட்டுமே கொள்ளும்படி முன்கூட்டியே அறிவுறுத்தினால் இத்தொல்லைகள் இரா.

இதற்கென்றே அமைந்த கருவி ‘ஓப்பன்ரிஃபைன்’. 2010இல் வேறொரு பெயரில் ஒரு நிறுவனத்தில் தோன்றி, கூகுளின் கைக்குச் சென்று, 2012இல் அந்நிறுவனம் விலகியபோது தன்னார்வலர்களால் தொடரப்பட்டது. திறந்த மூலநிரல் கொண்டதால்தான் அது பிழைத்தது. ஒரு பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் திரட்டிக் காட்டுவது அதன் சிறப்பு. செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் அது வரிசையாகக் குறித்துவைக்கும். வேண்டாதபோது பின்னோக்கிச் செல்லலாம்.

எனினும், எதனை ஒன்றாக்குவது, எதனை விட்டுவைப்பது என்பதைக் கருவி அறியாது. பதிப்பிடம் என்னும் கூற்றில் ‘சென்னை’, ‘சென்னபட்டணம்’, ‘மதராஸ்’ என மூன்று வடிவங்கள் உள்ளனவே, எல்லாவற்றையும் ‘சென்னை’ ஆக்கிவிடலாமா என்று இளம் பணியாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். “வேண்டாம், தம்பி. அச்சிட்டவர் தம் ஊரை எப்படி அழைத்தார் என்பதும் அந்நூலின் வரலாறுதானே!” என்றேன். நூலில் உள்ளபடியே ஊரின் பெயரை ஓரிடத்தில் காத்து, தேடலுக்கான பொதுப்பெயரை வேறோர் இடத்தில் சேர்த்தோம். செம்மைப்படுத்துவது வேறு, வழித்தெடுப்பது வேறு. மூலக் கோப்பின் ஒரு நகலைத் தொடாமல் வைத்துக்கொண்டே இப்பணியைத் தொடங்க வேண்டும்.

சேர்க்க வேண்டியவற்றைப் போலவே சேர்க்கக் கூடாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்னும் குறிப்பு, நூல் திரும்பி வரும்வரை தேவை. அதன்பின் அது வாசகரின் மனத்தை எட்டிப் பார்ப்பதற்கே பயன்படும். நோயைப் பற்றியோ, கடனைப் பற்றியோ, மாற்றுக் கருத்தைப் பற்றியோ ஒருவர் தயக்கமின்றிப் படிப்பதற்கு நூலகம் இடம் தர வேண்டும். நூல் திரும்பியதும் எடுத்தவரின் பெயரை நீக்கிவிடும் வசதி மென்பொருளில் உண்டா என்பதும் என் கேள்விகளுள் ஒன்று.

நாளை வருபவருக்கு

என் பணிக்காலத்தில் நான்கு முறை பட்டியல் இடம்மாறக் கண்டிருக்கிறேன். இன்று பயன்படும் மென்பொருளும் ஒருநாள் விடைபெறும். அப்போது என் இருக்கையில் இருக்கப்போகிறவர் இன்று பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். இப்பாடத்தை வாசிக்கும் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம். புதிய கருவி ஒன்று அவர் கையில் இருக்கும். அதன் இயல்பு எத்தகையதாக இருக்கும் என இன்று எவராலும் கூற முடியாது. அவர் பதிவுகளைத் திறக்கும்போது, ஔவையாரும் புதுமைப்பித்தனும் பிரபவ ஆண்டும் சென்னபட்டணமும் எழுத்துக் குலையாமல் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

எனவே, எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். ஆண்டுக்கொருமுறை, ஆகஸ்டு மாதத்தில், முழுப் பட்டியலையும் பொதுத் தரத்தில் வெளியே எடுத்து, வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்கிறோம். சோதனைத் தொகுதியின் நூறு நூல்களையும் ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். ஏதேனும் ஓர் எழுத்து பிறழ்ந்திருந்தால் அன்றே காரணத்தைக் கண்டறிந்து திருத்திவிடுகிறோம். ஒரு நாள் வேலைதான். அந்நாளில் நூலகம் வழக்கம்போல் வாசகர்களுக்குத் திறந்தே இருக்கும்.